ஓரக் குறிப்பு

செவ்வாய், வியாழன். மாலை நான்கிலிருந்து ஐந்தரை வரை.
கல்யாண ஓலைக்கும் சாவு அறிவிப்புக்கும்
இதற்கும் அதே நேரம்தான்.
எனக்கு முன்னால் ஒரு ஜோடி
ஆர்கன் வாசிப்பவருக்கு எவ்வளவு என்று பேரம் பேசினார்கள்.
பூட்ஸில் ஒட்டிவந்த பனி உருகி
லினோலியத்தில் என்னைச் சுற்றிக் குளம் கட்டியது.

பாதர் லூட்சியன் என்னைவிட இரண்டு வயது இளையவர்.
பள்ளிச் சுற்றுலாவில், சான் ஆற்றுப் பாலத்தின் மேல்,
பேருந்துக்குள் வாந்தியெடுத்த பையன்.
என் கழுத்துத் துணியால் வாய் துடைத்துவிட்டிருக்கிறேன்.
அதை நாங்கள் இருவருமே பேசவில்லை.

"யோசித்தாயா?"
யோசித்தேன்.
"காரணம் உன் கைப்பட இருக்க வேண்டும்."
இருக்கிறது. ஒரே வரி.
முதலில் நான்கு பக்கம் எழுதியிருந்தேன், அக்டோபரில்.
அதில் ஸெனெக்கின் பெயர் பதினோரு முறை வந்தது.
அவனைக் கேட்காமல் அவன் பெயரை
எந்த மேஜைமேலும் வைக்க எனக்கு உரிமையில்லை என்று பட்டது.
அடுப்பில் போட்டேன்.

ஸெனெக் நார்வேயில் மீன் அறுக்கிறான்.
என் அண்ணன். பூசைக்கு மணியடித்தவன்.
பன்னிரண்டு வயதில் ஒரு ஞாயிறு
இனிமேல் மணியடிக்க மாட்டேன் என்றான்.
அப்பா பெல்ட்டைக் கழற்றினார்.
அப்போதிருந்த பங்குத்தந்தைக்கு அடுத்த வருடம் வேறு பங்கு,
அதற்கடுத்து இன்னொன்று.
போன ஊரிலெல்லாம் வாசலில் பூங்கொத்து.

பாதர் எழுந்து இரும்பு அலமாரியிலிருந்து
தடித்த புத்தகம் ஒன்றை எடுத்துவந்தார்.
நான் நிலப்பதிவு அலுவலகத்தில் இருபது வருடம் இருப்பவள்,
பதிவேடுகளின் குணம் தெரியும்.
எதுவும் அழியாது. விற்றாலும் ஏலம் போனாலும்
முதல் உரிமையாளன்
அடித்த கோட்டுக்குக் கீழே மக்காமல் கிடப்பான்.
"மேற்றிராசனத்துக்கு அனுப்புவேன். பதில் வந்ததும் இங்கே"
ஓரத்தில் விரல் வைத்தார்
"ஒரு வரி."

போகுமிவா. லத்தீன் வாலோடு எழுதியிருந்தது.
கடவுளுக்குப் பிரியமானவள் என்று பொருள்.
அதை எந்த அலுவலகத்தில் ஒப்படைப்பது?
எழுபத்தொன்பது, மே இருபது, ஞாயிறு.
ஞானத்தாய் ஹலீனா, தையற்காரி.
பதினேழு நாள் குழந்தை.
தண்ணீர் காதுக்குள் இறங்கி ஒரு வாரம் கத்தினேனாம்.

பிறகு என் கை தானாகவே பின்னோக்கிப் புரட்டியது.
எழுபத்தேழு. ஸெனோன்.
உறுதிபூசுதல் இல்லை, திருமணம் இல்லை,
ஓரம் முழுக்க வெள்ளை.
அவனுக்கு நடந்ததை எழுத
அந்தப் புத்தகத்தில் ஒரு கட்டமும் கிடையாது.
பாதரும் அந்த வெள்ளையையே பார்த்தார்.
அவருக்கு எவ்வளவு தெரியும் என்று நான் கேட்கவில்லை.
அவர் தலை நிமிரவில்லை.

அம்மா காலையில் ஒன்றுதான் கேட்டிருந்தாள்:
"என்னைப் புதைக்கும்போது எங்கே நிற்பாய்?"
உன் பக்கத்தில்.
"கோயிலுக்கு உள்ளேயா, வெளியேயா?"
பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்றேன்.
ஆகியிருக்கவில்லை.

கையெழுத்துப் போட்டேன்.
என் நகலில் முத்திரை கொஞ்சம் கோணலாக விழுந்தது.
கோட்டை மாட்டிக் கதவுப் பிடியைத் தொட்டபோது
நாற்பத்துச் சொச்ச வருடப் பழக்கத்தில் இந்த வாய்
என்னைக் கேட்காமல்
"இயேசுவுக்கே புகழ்" என்றது.
"என்றென்றும்" என்று அவர் வாயும் தொடங்கி
பாதியில் நின்றது.
உறைந்த படியில் ஒன்றாய்க் கால் வழுக்கியவர்கள்போல
ஒருவரையொருவர் பார்த்தோம்.
அடுத்து நின்ற கிழவர்,
மனைவிக்கு நினைவுப் பூசை கேட்க வந்தவர்,
எங்களுக்காகச் சத்தமாக "ஆமென்" சொல்லிவிட்டு
உள்ளே நுழைந்தார்.

நகலைப் படமெடுத்து ஸெனெக்குக்கு அனுப்பினேன்.
பார்த்துவிட்டான். பதில் இல்லை.
இரவு பதினொன்றரைக்கு வந்தது:
"அங்கே இன்னும் பனியா?"
ஆமாம், என்று எழுதினேன்.
நிற்கவில்லை.